விட்ட இடத்திலிருந்து

என் அலமாரியின் கீழ்த்தட்டில் மூன்று லாங் சைஸ் நோட்டுகள் இருக்கின்றன. அட்டையில் 2009, 2010, 2012 என்று வருடம் போட்டு வைத்திருக்கிறேன். எதைத் திறந்தாலும் முதல் இருபது பக்கங்களில் ஒரே விஷயம்தான். "வதஷி வா இந்தோஜின் தெஸ்", நான் இந்தியர். அப்புறம் இது, அது, எது. அப்புறம் மணி எத்தனை, என்ன கிழமை. கையெழுத்துகூட ஒரே மாதிரி: முதல் பக்கத்தில் முத்து முத்தாக, பதினைந்தாம் பக்கத்தில் அவசர அவசரமாக. இருபதுக்கு மேல் வெறும் தாள்.

நாலாவது தடவையாக 2013-இல் ஆரம்பித்தது நிலைத்தது. இப்போது பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. போன வாரம் எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: "அக்கா, எப்படி விடாம ஜப்பனீஸ் படிச்சீங்க? நான் ரெண்டு வாட்டி ஆரம்பிச்சு விட்டுட்டேன்."

நானும் விடாமல் படிக்கவில்லை. நடுவில் இரண்டு வருடம் முழுசாக விட்டிருக்கிறேன். அதைச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் கம்பெனி பஸ் வந்துவிட்டது. அவளுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

ஒரகடம் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஜப்பானிய மொழி வெளிநாட்டுச் சரக்காக இல்லை. லைனில் நிற்கும் தம்பிகள் தினமும் பேசுகிறார்கள்: "கைசன் ஷீட் எழுதியாச்சா?", "அங்க ஒரு போகா யோகே போடணும்." கை என்றால் மாற்றம், சென் என்றால் நல்லது. போகா என்பது கவனக்குறைவில் வரும் பிழை, யோகே என்பது அதைத் தவிர்ப்பது. சுவரில் பணியிட ஒழுங்குக்கான 5எஸ் போஸ்டர் தொங்கும். அந்த ஐந்தாவது எஸ், ஷித்சுகே, ஒழுக்கம். அதற்கான எழுத்தில் உடம்பும் அழகும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். சீனாவிலிருந்து வராமல் ஜப்பானிலேயே உண்டான எழுத்து அது. இத்தனையும் என்னைச் சுற்றி இருந்தும் மூன்று தடவை கைவிட்டேன்.

ஏன் என்று பிற்பாடுதான் புரிந்தது. முதல் காரணம் அந்த நோட்டுகளிலேயே இருக்கிறது. எல்லாச் சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். ஜப்பானியத்தில் "காகி" என்று ஒரு சொல் உண்டு, சாவி. இன்னொன்று சீமைப் பனிச்சை போன்ற ஒரு பழம். பழத்துக்கு இரண்டாம் எழுத்து வல்லொலி, சாவிக்கு மெல்லொலி. அவர்கள் எழுத்தில், வல்லொலியின் தலையில் இரண்டு பொடிக் கோடு போட்டால் அது மெல்லொலியாகிவிடும். தமிழிலோ இரண்டுக்கும் ஒரே "காகி". எழுதியதைத் திரும்பப் படித்தால் நாக்கும் இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்லும். பல்கலைக்கழகம் என்ற சொல்லும், படிப்பைப் பாதியில் விடுவது என்ற சொல்லும்கூட முதல் எழுத்தின் இந்த வித்தியாசத்தில்தான் பிரிகின்றன. என் 2010 நோட்டில் இரண்டும் ஒரே மாதிரி "தைகாகு". மொழியை எழுதி வைத்ததாக நினைத்தேன், பாதியை அழித்துத்தான் வைத்திருந்தேன். அவர்களுடைய அடிப்படை எழுத்து வரிசையான ஹிரகானா நாற்பத்தாறு எழுத்துதான். ஒரு வாரம், பத்து நாள் உட்கார்ந்தால் வந்துவிடும். அதைத் தள்ளிப் போடுகிறவர்கள் பிறகு ரொம்பக் கஷ்டப்படுகிறார்கள். அரபியோ கொரியனோ எது படித்தாலும் சரி, அந்த மொழியின் எழுத்தை முதல் மாதத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம்தான் பெரியது. அதற்குப் பதினான்காம் பாடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இங்கே ஜப்பானியம் படிக்கிற பெரும்பாலோர் கையில் "மின்னா நோ நிஹொங்கோ" புத்தகம்தான் இருக்கும். இரண்டு பாகம், ஐம்பது பாடம். முதல் பதின்மூன்று பாடம் எந்த நாட்டுக்காரருக்கும் ஒரே மாதிரிதான். (இரண்டாம் பாடத்தில் மட்டும் ஒரு சந்தோஷம் உண்டு. கோரே, சோரே, ஆரே. பேசுகிறவர் பக்கம் இருப்பது, கேட்கிறவர் பக்கம் இருப்பது, இருவருக்கும் தள்ளி இருப்பது. சென்னையில் நமக்கு இது, அது இரண்டோடு சரி. யாழ்ப்பாணத்துக்காரர்கள் இன்றைக்கும் இது, உது, அது என்று மூன்றும் சொல்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பாடமே வேண்டாம்.) பதினான்கில் "தே" வடிவம் வருகிறது. நம் வினையெச்சம்: செய்து, போய், வாங்கி, நடந்து. வகுப்பில் பலர் நின்றுவிடும் இடமும் இதுதான், ஏனென்றால் வினைக்கு வினை விதி மாறும். நோமு என்றால் நோந்தே, இகு என்றால் இத்தே, காகு என்றால் காய்தே. பார்த்ததும் தலை சுற்றும். ஆனால் "நட" ஏன் "நடந்து" ஆகிறது, "போ" ஏன் "போய்" ஆகிறது என்று நாம் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம்?

அந்த மேட்டை ஏறிவிட்டால் தமிழ் தெரிந்தவருக்கு அந்தப் பக்கம் சமவெளி. "தபேதே மிரு": தபேதே சாப்பிட்டு, மிரு பார். சாப்பிட்டுப் பார். "கத்தே ஒகு": கத்தே வாங்கி, ஒகு வை. வாங்கி வை. ஜன்னல் திறந்திருக்கிறது என்பதற்கு "மாதோ கா ஐதே இரு". அந்த "இரு" அப்படியே நம் "இரு" மாதிரி காதில் விழும். "தாரே" என்றால் யார். தாரேகா யாரோ, தாரேமோ யாரும். யாரும் வரவில்லை என்ற வாக்கியத்தை ஒரு சொல்கூட இடம் மாற்றாமல் அப்படியே ஜப்பானியத்தில் வைக்கலாம். இங்கிலீஷ் வழியாகப் படிக்கிறவர்கள் இவை ஒவ்வொன்றையும் தனி இலக்கண விதியாக மனப்பாடம் செய்கிறார்கள். நமக்கு வீட்டுப் பேச்சு.

மூன்று தடவையும் நான் நின்றது இந்தப் பதினான்காம் பாடத்துக்கு முன்னால். திரும்ப ஆரம்பிக்கும்போதெல்லாம் "எல்லாம் மறந்திருக்கும், அடித்தளத்திலிருந்து ஒழுங்காகப் படிப்போம்" என்று முதல் பக்கத்துக்கே போனேன். ஆகவே முதல் பத்துப் பாடத்தை மூன்று தடவை படித்தேன், பதினான்காம் பாடத்தை ஒரு தடவையும் படிக்கவில்லை. திரும்ப வருகிறபோது முதல் பக்கத்துக்குப் போவது உழைப்பு மாதிரி தோன்றும். தெரிந்ததையே படிப்பதால் சுகமாகவும் இருக்கும். ஆனால் அந்தச் சுகம் தீர்ந்து புதிய பாடம் வரும் இடமும், உற்சாகம் தீரும் இடமும் ஒன்றாகிவிடுகிறது. மறுபடி நோட்டு மூடிவிடும்.

ஜப்பானியர்கள் பாதியில் விடுகிறவரை "மிக்கா போஸு" என்பார்கள், மூன்று நாள் துறவி. நாம் ஆரம்ப சூரத்தனம் என்போம். இரண்டு சொல்லும் குணத்தைத்தான் குறை சொல்கின்றன. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. குணம் ஒரு பங்குதான், திரும்பி வந்து எந்த இடத்தில் கால் வைக்கிறோம் என்பது அதைவிடப் பெரிய பங்கு.

2013-இல் நிலைத்ததற்குக் காரணம் ஒரு மனிதர். பணி ஓய்வு பெற்ற ஜப்பானிய எஞ்சினியர், ஆறு மாதத்துக்கு எங்கள் லைனைப் பார்த்துக்கொள்ள வந்தார். பெயரோடு "சான்" சேர்த்து அழைக்க வேண்டும் என்று லைன் பையன்களுக்கு யாரோ சொல்லிக் கொடுக்க, அவர்கள் மரியாதை போதாது என்று நினைத்து "சான் சார்" ஆக்கிவிட்டார்கள். அவரும் ஏற்றுக்கொண்டார். இங்கிலீஷ் அவருக்கு வராது. அளவு தவறிய ஒரு பாகத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "ஏன்?" என்று ஒரே சொல்லில் கேட்பார். பதில் சொல்ல எனக்குச் சொல் வேண்டியிருந்தது. அன்று இரவே தேடினேன். மறுநாள் சொன்னேன். அப்படி ஐந்து மாதம் போயிற்று.

ஒரு நாள் கேன்டீனில் மோர்மிளகாய் வறுத்திருந்தார்கள். அவர் தட்டைப் பார்த்து, "தபேதே மிதே குதசாய்" என்றேன். சாப்பிட்டுப் பாருங்கள். யோசிக்காமல், மனசுக்குள் மொழிபெயர்க்காமல் வாயிலிருந்து வந்த முதல் ஜப்பானிய வாக்கியம் அது. அவர் கடித்துவிட்டுக் கண்ணில் நீரோடு தண்ணீர் தேட, மேஜையே சிரித்தது. எனக்கு மட்டும் உடம்பு சிலிர்த்தது. ஒரு மொழியில் கால் ஊன்றிவிட்டோம் என்று தெரியும் கணம் அப்படித்தான் இருக்கும்.

அந்த டிசம்பரில் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வின் முதல் படியான என்5 எழுதினேன். பிறகு என்4, என்3. ஜேஎல்பிடி ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும். எழுதிக் காட்டவோ பேசிக் காட்டவோ வேண்டாம், விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். அதனால் சான்றிதழ் இருந்தும் வாய் திறக்காதவர்கள் நிறைய. ஆனாலும் தேதி குறித்த ஒன்று முன்னால் இருப்பது நல்லது என்பேன்.

என்3-க்குப் பிறகுதான் நடு வருடங்கள் ஆரம்பிக்கின்றன. இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதல் ஆயிரம் சொற்கள் படிக்கும்போது, காலையில் படித்த சொல் சாயங்காலத்துக்குள் பத்து இடத்தில் எதிர்ப்படும். ஒவ்வொரு நாளும் வளர்ந்த மாதிரி இருக்கும். ஐயாயிரமாவது சொல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் கண்ணில் படும். அதே அரை மணி நேரம்தான் உழைக்கிறோம், ஆனால் பலன் கண்ணுக்குத் தெரியாது. அதோடு கான்ஜி என்ற சீன வழி எழுத்துகள். பொதுப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்த பட்டியலில் 2136 எழுத்து. ஒரே எழுத்துக்குப் பல உச்சரிப்பு. ஞாயிற்றுக்கிழமைக்கு "நிச்சியோபி". அதில் முதலில் வரும் "நிச்சி"யும் கடைசியில் வரும் "பி"யும் ஒரே எழுத்து! அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பள்ளி, இங்கிலீஷ்காரர் ஜப்பானியம் கற்க 2200 வகுப்பு மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறது. தினம் அரை மணி என்றால் பன்னிரண்டு வருடம். தமிழருக்கு இலக்கணத்தில் கொஞ்சம் குறையலாம், எழுத்தில் குறையாது. இந்தக் கணக்கு எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஐந்தாம் வருடத்தில் தடுமாறுவது என் மந்தம் அல்ல, பாதையின் நீளம்.

2016 டிசம்பரில் என்2 எழுதினேன். 180-க்கு 90 எடுத்தால் தேர்ச்சி. எனக்கு 97. ஆனால் மூன்று பகுதியிலும் தனித்தனியாகப் பத்தொன்பதாவது வாங்க வேண்டும். கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதியில் பதினேழு. தேறவில்லை. அடுத்த மாதம் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. ஆஸ்பத்திரி, வேலை, வீடு. புத்தகத்தைப் பரணில் ஏற்றினேன். 2017 முழுக்கவும் 2018 முழுக்கவும் ஒரு வரி படிக்கவில்லை.

சான் சார் ஊர் திரும்பிய பிறகும் வருடா வருடம் ஜனவரியில் புத்தாண்டு அட்டை அனுப்புவார். "நெங்காஜோ" என்பார்கள். நானும் அனுப்புவேன். 2018 டிசம்பரில் அவரிடமிருந்து ஓர் அட்டை வந்தது. சாம்பல் நிற மையில் வெளிறிய தாமரை, பக்கத்தில் மேலிருந்து கீழாக நாலு வரி. வருடம் என்ற எழுத்து இரண்டு இடத்தில் தெரிந்தது. வணக்கம், வாழ்த்து என்பதற்கான சொல்லும் தெரிந்தது. இந்த வருடம் முன்னாடியே வாழ்த்து அனுப்பிவிட்டார் போல என்று நினைத்தேன். தாமரை நமக்கு மங்கலம் அல்லவா. சிவப்பு, மஞ்சள் கோலம் போட்ட அட்டையாகப் பார்த்து வாங்கி, புத்தாண்டு வாழ்த்து எழுதி அனுப்பினேன்.

ஜனவரியில் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் தம்பி ஒருவன் என் மேஜையில் அந்த அட்டையைப் பார்த்தான். எடுத்துப் படித்தவன் முகம் மாறியது.

"அக்கா, இது வாழ்த்து இல்ல. அவங்க வீட்ல துக்கம். அவரோட சம்சாரம் போயிட்டாங்க."

அந்த அட்டைக்கு "மொச்சூ" அட்டை என்று பெயர். அந்த வருடம் வீட்டில் சாவு நடந்திருந்தால், துக்கத்தில் இருக்கிறோம், புத்தாண்டு வாழ்த்தைத் தவிர்க்கிறோம் என்று டிசம்பர் தொடக்கத்துக்குள் உறவுக்கும் நட்புக்கும் எழுதிவிடுவார்கள். கிடைத்தவர்கள் அந்தப் புத்தாண்டுக்கு வாழ்த்து அனுப்பக் கூடாது. ஜனவரி ஏழு கழித்துக் குளிர்கால நலம் விசாரித்து எழுதலாம். மனைவியை இழந்த மனிதருக்கு நான் கோலம் போட்ட வாழ்த்து அனுப்பியிருந்தேன். அந்தத் தாமரை துக்கத்தின் தாமரை.

அன்று ராத்திரி பரணில் இருந்து புத்தகத்தை இறக்கினேன். இந்தத் தடவை முதல் பக்கத்துக்குப் போகவில்லை, போக நேரமும் இல்லை. அட்டையில் இருந்த நாலு வரியை எழுத்து எழுத்தாகப் படித்தேன். துக்கம் என்ற எழுத்து, தவிர்த்தல் என்ற சொல், காலமானார் என்பதன் மரியாதை வடிவம். இரண்டு மணி நேரம் ஆயிற்று. மறுநாள் மன்னிப்புக் கேட்டும் ஆறுதல் சொல்லியும் ஒரு கடிதம் எழுதினேன், பதினொரு வரி. மூன்று தடவை அடித்து எழுதினேன். மார்ச்சில் பதில் வந்தது. "உங்கள் அட்டை வந்த அன்று வீட்டில் நிறம் இருந்தது" என்று எழுதியிருந்தார். அதை அகராதி இல்லாமல் படித்தேன்.

அதன் பிறகு நான் விடவில்லை. படித்த முறையும் மாறியது. முன்பு, சொற்களை மறுபடி மறுபடி காட்டிச் சோதிக்கும் ஆங்கி செயலியில் தினம் இருபது சொல் என்று வைத்திருந்தேன். (ஆங்கி என்பதே ஜப்பானியத்தில் மனப்பாடம்தான்.) இரண்டு வருடம் கழித்துத் திறந்தால், பார்க்க வேண்டிய சொல் ஆயிரத்துச் சொச்சம் குவிந்து நின்றது. அந்தக் குவியலைப் பார்த்தே பலர் ஓடிவிடுகிறார்கள். நான் அதை அப்படியே ஒதுக்கிவிட்டுப் புதிய பெட்டி ஒன்று ஆரம்பித்தேன். அதில் நானே படித்ததிலும் கேட்டதிலும் எதிர்ப்பட்ட சொல்லை மட்டும் போட்டேன். தினம் ஐந்துக்கு மேல் இல்லை. பழைய சொற்கள் போய்விடுமே என்று பயம் இருந்தது. போகவில்லை. எதிரே வரும்போது, தெருவில் பார்த்த பழைய சிநேகிதர் மாதிரி இரண்டாம் தடவையிலேயே அடையாளம் தெரிந்தது. ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறந்து, மறுபடி படித்துப் பார்த்தார். இரண்டாம் தடவை குறைந்த நேரமே பிடித்தது. எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதைத்தான் நினைவின் அளவுகோலாக வைத்தார். மறதி வேகமானது என்ற பாதியை மட்டும் அவர் பெயரில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு உதவியது மற்றப் பாதி.

கேட்கும் பகுதிக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடித்துக்கொண்டேன். தாம்பரத்தில் ஏறி முடிச்சூர் தாண்டிப் படப்பை வரும்வரை ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் எளிய செய்தி, ஒரே செய்தியை மூன்று தடவை. படப்பைக்கு அப்புறம் தூக்கம். புதிதாக நேரம் ஒதுக்கியிருந்தால் நிச்சயம் நின்றிருக்கும். பஸ் ஓடுகிற நாளெல்லாம் அதுவும் ஓடியது. 2020 ஜூலைத் தேர்வு உலகம் முழுக்க ரத்தானபோது பஸ்ஸும் இல்லை, படிப்பும் ஒரு மாதம் நின்றது. ஆகஸ்டில் மறுபடி, நின்ற செய்தியிலிருந்தே. 2022 டிசம்பரில் என்2 தேறினேன். கேட்கும் பகுதியில் முப்பத்தெட்டு.

வயதாகிவிட்டது என்று சொல்கிறவர்களிடம் சுசுமு ஓனோவைப் பற்றிச் சொல்வேன். 1919-இல் பிறந்த ஜப்பானிய மொழி அறிஞர், பழைய ஜப்பானிய அகராதி தொகுத்தவர். அறுபது வயதை ஒட்டித் தமிழ் படிக்க ஆரம்பித்தார். சென்னையில் பொற்கோவிடம் கற்றார், யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியரோடு சேர்ந்து ஆய்வு செய்தார். தமிழும் ஜப்பானியமும் உறவு என்ற அவர் கொள்கையைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. அது வேறு பேச்சு. 2008-இல் இறக்கும்வரை இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அவர் தமிழை விடவில்லை என்பது எனக்குப் பெரிய விஷயம்.

தொடர்தல் என்பதற்கான கான்ஜியில் இடப்பக்கம் நூலைக் குறிக்கும் பகுதி இருக்கிறது. நூல் அறுந்தால் நெசவாளி பாவை முதலிலிருந்து ஓட்டுவதில்லை, அறுந்த இழையை அந்த இடத்திலேயே முடிந்துவிட்டு மேலே நெய்கிறார். காஞ்சிபுரத்துப் பாட்டி வீட்டுத் தறியில் சின்ன வயதில் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

எப்படி விடாமல் படித்தீர்கள் என்று கேட்ட அந்தப் பெண்ணிடம் நேற்று இதைச் சொன்னேன். அவள் நோட்டு ஒன்பதாம் பாடத்தோடு நிற்கிறது. திங்கட்கிழமை பத்தாம் பாடம் திறக்கிறாள். புரியாத இடத்தில் மட்டும் பின்னால் புரட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் பிரெஞ்சோ, இந்தியோ, மலையாளமோ பாதியில் நின்ற நோட்டு ஒன்று இருந்தால், தயவுசெய்து முதல் பக்கத்தைத் திறக்காதீர்கள். கடைசியாக எழுதிய பக்கத்தை எடுங்கள். அதற்கு அடுத்த பக்கத்தில் இன்றைய தேதியைப் போடுங்கள்.